மிக்ஸி இரைச்சல்

தொலைதூர வானொலி கேட்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அதில் ஊறிய ஆண்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒரு ரேடியோ, நீளமாக ஒரு கம்பி, கொஞ்சம் பொறுமை. இந்தப் பட்டியலில் முதன்மையானது விடுபட்டிருக்கிறது. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அது கடையில் கிடைப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண்ணின் பொழுதிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டிஎக்ஸ் என்றால் தொலைவு. சிற்றலையிலும் மத்திய அலையிலும் வெகுதொலைவிலிருந்து வரும் நிலையங்களைத் தேடிப் பிடித்து, நாள், நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து அந்த நிலையத்துக்கே எழுதி அனுப்புவது டிஎக்ஸிங். கேட்டது உண்மைதான் என்று நிலையம் பதிலுக்கு அனுப்பும் அத்தாட்சி க்யூஎஸ்எல் எனப்படும் வண்ண அட்டை. ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு.

அலைகளுக்கும் பொழுது உண்டு. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைய, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கும். இரவும் பகலும் உரசிக்கொள்ளும் அந்தியும் விடியலும் தொலைதூர நிலையங்களுக்கு மிக உகந்த நேரங்கள். அந்த இரண்டு நேரத்திலும் நம் வீடுகளில் பெண் எங்கே நிற்கிறாள்? அந்தியில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு. விடியலில் பால், டிபன் பாக்ஸ், குக்கர். வானம் திறக்கும் நேரமும் அடுப்பு பற்றவைக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. அயனி மண்டலத்தைக் குறை சொல்லமுடியாது. அடுப்பை ஒருத்தி பெயருக்கு மட்டும் எழுதிவைத்தது அது அல்ல.

நிலையத்துக்கு அனுப்பும் அறிக்கையில் சின்போ என்று ஐந்து எண்கள் எழுதவேண்டும். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவுவதில் வரும் தடுமாற்றம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 5 என்றால் குறையே இல்லை. மிக்ஸி ஓடும்போது அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசித் தெறிக்கும் பொறி ரேடியோவில் கரகரப்பாகக் கேட்கும். சட்னி அரைபடும் நிமிடத்தில் மூன்றாவது எண் 2க்கோ 1க்கோ இறங்கிவிடும். ஆக, கடல் கடந்த ஏதோ ஒரு நிலையத்தின் கோப்பில் அந்த வீட்டுப் பெண்ணின் உழைப்பும் பதிவாகிறது, இரைச்சல் என்ற தலைப்பின் கீழ். "மிக்ஸியை நிறுத்து, ஸ்டேஷன் வருது" என்ற அதட்டல் நான் வளர்ந்த வீட்டிலும் ஒலித்தது. நிறுத்திவிட்டுக் கையில் கரண்டியோடு நின்ற அம்மாவும் அந்த அந்நிய மொழிப் பாட்டை முழுதாகக் கேட்டார். அறிக்கையில் இருந்தது அப்பாவின் பெயர் மட்டும்.

பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பார்கள். பாக் நீரிணையைத் தாண்டி வந்த இலங்கை வானொலியைத் தென்மாவட்டங்களில் யார் கேட்டார்கள்? பீடி சுற்றிக்கொண்டு, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு கேட்டவர்கள் பெண்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலைப் பக்கத்து வீட்டுக் குரல்போல அறிந்திருந்தவர்கள். முள்ளை எங்கே நிறுத்தினால் கொழும்பு தெளியும், பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் கரகரப்பு குறையும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் அவர்கள் போட்ட அஞ்சலட்டைக்கு நேயர் விருப்பம் என்று பெயர், ஆண் போட்டதற்கு அறிக்கை என்று பெயர். பாட்டுக் கேட்டவள் பொழுதைப் போக்கினாள். அலைவரிசையைக் குறித்தவனுக்குப் பொழுதுபோக்கு இருந்தது.

சங்க அகப்பாடல்களிலும் நள்ளிரவில் விழித்துக் கேட்பவள் தலைவிதான். கடலின் முழக்கம், அன்றிலின் குரல், தேர்மணியின் ஒலி. அவ்வளவு நுட்பமான செவிக்கு நம் வகுப்பறைகள் இன்றுவரை சொல்லித்தரும் காரணம் ஒன்றே ஒன்று, அவன் வருகை. கேட்பதற்காகவே கேட்கும் பெண்ணை நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

கொழும்பு எளிதில் கிடைப்பது, அது டிஎக்ஸ் ஆகாது என்று சிலர் திருத்துவார்கள். சரி, எளிதில் கிடைப்பதோடு அவள் ஏன் நின்றாள்? அரிதானதைத் தேட இரவு பதினொரு மணிக்கு மொட்டைமாடி வேண்டும். கம்பி கட்ட மரம் ஏறவேண்டும். வெளிநாட்டுத் தபால் தன் பெயருக்கு வந்தால், யாரிடமிருந்து என்ற விசாரணை இல்லாத முகவரி வேண்டும்.

இவையெல்லாம் ஒரு பெண்ணுக்கு வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. 1937 ஜூலையில் விமானி அமேலியா இயர்ஹார்ட் பசிபிக் கடல்மீது காணாமல் போனார். அந்த நாட்களில் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 15 வயது பெட்டி க்ளென்க், தன் வீட்டுச் சிற்றலை ரேடியோவில், தன்னை இயர்ஹார்ட் என்று சொல்லி உதவி கேட்ட ஒரு பெண்குரலைக் கேட்டாள். பாட்டு வரிகளை எழுதிவைக்கும் நோட்டில், காதில் விழுந்த சொற்களை உடனுக்குடன் எழுதினாள். அப்பா கடலோரக் காவல்படையிடம் ஓடினார். அவர்கள் பொருட்படுத்தவில்லை. அது உண்மையிலேயே இயர்ஹார்ட்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடிவந்து படித்தது அந்தப் பாட்டு நோட்டைத்தான். அவளுக்குப் பெரிய ஏரியல் இருந்தது, கூப்பிடாத மதியம் இருந்தது, கையில் பேனா இருந்தது.

இப்போது நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017இல் சிற்றலையை விட்டது. நினைவுக் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றில் அப்பா முள்ளைத் திருப்புகிறார், அம்மா காபி கொண்டுவருகிறார். அந்த அம்மா என்ன கேட்டார் என்று யாரும் எழுதவில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்திலுள்ள ரேடியோவை இன்று இணையம் வழியாக யாரும் திருப்பிக் கேட்கலாம். மாடியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் இன்னும் இணையத்தில் கிடைக்கவில்லை. அது வீட்டுக்குள்தான் இருக்கிறது, எடுத்தவர் திருப்பித் தரவேண்டும். ஆகவே, டிஎக்ஸ் நண்பர்களே, அடுத்த அறிக்கையில் மூன்றாவது எண்ணை 2 என்று குறிப்பதற்கு முன் எழுந்துபோய் அந்தச் சட்னியை நீங்கள் அரையுங்கள். முள்ளை அவள் திருப்பட்டும்.