பலகை பெரிதா, மண்டை பெரிதா?

கடலே இல்லாத மாத்தளை மாவட்டத்தில் இருந்துகொண்டு கற்பிட்டிக் காற்றைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் நகைக்கலாம். நகையுங்கள். ஆனால், மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை நம்பிக் கற்பிட்டிக் களப்புக்குக் கைட்போர்டிங் பழகச் செல்லும் எம் இளைஞர், பலகை தொலையாதிருக்க அதை உடலோடு கயிற்றால் பிணைக்கலாமா என வினவும்போது மௌனம் காப்பது தகாது.

பிணைக்காதீர்! விழுந்தவனைப் பட்டம் இழுத்துச் செல்லும். பலகையோ நீரில் தடைப்பட்டு நிற்கும். முறுகிய கயிறு அதனைத் தெறிக்கவிட்டால் அடி விழுவது தலையில்.

பட்டத்தை ஒருபுறம் தாழ்த்தி நிறுத்தி, மறுகையை நீருள் நீட்டி, உடலையே பலகையாக்கிக் காற்றுக்கு எதிர்ப்புறம் மாறிமாறிச் சாய்வாக நகர்ந்து பலகையை அடைவதே முறை. கயிறு கட்ட ஒரு நிமிடம் போதும்; இதைக் கற்க நாட்கள் வேண்டும். அந்நாட்களைச் செலவிட மனமில்லாதவர், அன்பு கூர்ந்து கரையிலேயே நில்லுங்கள்.