கூரை விளைக்கும் மின்னும் கலம் காக்கும் மின்னும்

சென்னை மாநகருக்கு விளக்கேற்றித் தான் புகையுண்ட நிலம் வடசென்னை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் எரியத் தொடங்கி, 450 மெகாவாட்டு அளவிற்கு வளர்ந்து, 2017-இல் அணைந்தது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இன்றும் நிலக்கரியை எரிக்கின்றன. அவற்றின் சாம்பல் கொற்றலையாற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் பெருகிய நீர்நிலையைத் தூர்த்துள்ளது. பிறர் வீட்டு விளக்குக்குத் தன் மூச்சையே திரியாக்கிய இந்நிலத்தின் வணிகக் கட்டடங்கள், தம் தலைமேல் நாள்தோறும் பொழியும் கதிரவன் ஒளியை வாளா விடுதல் முறையாகுமா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கிடங்குகளும் பனிக்கட்டி ஆலைகளும் குளிர்காப்பகங்களும் நிரல்பட நிற்கின்றன. ஒரு கிலோவாட்டுப் பலகைக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் கூரை போதும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு மின் தரும். ஆயிரம் சதுர மீட்டர்க் கூரையுடைய கிடங்கு, நாளும் 400 அலகு விளைக்கும் கழனி என்க.

ஆயினும், பலகை பரப்பியதோடு பணி முடிந்ததென்று கருதுவோர் ஏமாறுவர். விளைந்த நெல்லைக் காக்கக் குதிர் வேண்டுமாப்போல, விளைந்த மின்னைக் காக்க மின்கல அடுக்கு வேண்டும். கரணியம் மூன்று. முதலாவது, 2021-ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, வணிகக் கட்டடம் மின்கட்டமைப்புக்கு ஈயும் மிகுமின்னுக்குப் பெறும் விலை, அது வாங்கும் மின்னின் விலையினும் குறைவு. இரண்டாவது, உயரழுத்த மின் பெறும் தொழிலகங்களுக்கு 2022-ஆம் ஆண்டின் கட்டண ஆணை உச்சவேளையில் 25 விழுக்காடு மிகைக்கட்டணம் விதித்தது. மாலை உச்சவேளையோ கதிரவன் மறைந்தபின் வருவது. மூன்றாவதே பலரும் அறியாதது. மின்கட்டமைப்போடு இணைந்த 'இன்வெர்ட்டர்', கட்டமைப்பில் மின் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் பணிசெய்யும் தொழிலாளியின் உயிர்காக்க அமைந்த ஏற்பாடு அது. எனவே, மின்கலமும் தனித்தியங்கும் அமைப்பும் இல்லாத கட்டடம், உச்சி வெயிலிலும் இருளில் கிடக்கும். 2024 செபுதம்பர் 12 இரவு மணலித் துணைமின் நிலையத்தில் நேர்ந்த தீயால் மாநகரின் பெரும்பகுதி இருண்டது. அன்ன இரவுகளில் கைகொடுப்பது பகலில் தேக்கிய மின்னே.

தேக்குதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மாலையில் 100 அலகு வேண்டுவோர், பாதியளவே வடிக்கத்தகும் காரீயக்காடி மின்கலமாயின் 200 அலகுக் கொள்ளளவு நிறுவவேண்டும். ஐந்தில் நான்கு பங்கு வடிக்கத்தகும் இலித்திய இரும்புப் பாசுவேற்று மின்கலமாயின் 125 அலகு போதும். பின்னதன் விலை மிகுதி, வாழ்நாளும் மிகுதி. கட்டடத்தின் தேவைகளையும் தரம்பிரித்தல் வேண்டும். குளிர்காப்பும், நீரேற்றியும், வழிவிளக்கும் முதலில். அணிவிளக்கும் குளிரூட்டிய அறையும் பின்னர். எல்லாவற்றையும் ஒருங்கே சுமத்தினால் எவ்வளவு பெரிய அடுக்கும் ஒரு நாழிகையில் வறண்டுபோம்.

காசிமேட்டுப் பனிக்கட்டி ஆலைகளுக்கு இன்னுமோர் எளிய வழியுண்டு. ஒரு டன் கட்டிக்கு ஏறத்தாழ 60 அலகு மின் செலவாகும். வெயில் வேளையில் உறையவைத்து, இரவில் பொறியை ஓய்வுறுத்தினால், பனிக்கட்டியே மின்கலமாகிவிடும். 400 அலகு ஆறு டன்னுக்கு மேல் உறையவைக்கும். வேலையின் வேளையை மாற்றுவதே விலையில்லாத் தேக்கம்.

நிலத்தின் இயல்பையும் மறத்தலாகாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவதை உயர்முறைமன்றம் 2011-இல் தடுத்தது. அவ்வாண்டிலேயே கரி எண்ணூர்த் துறைக்குப் பெயர்ந்தது. இராயபுரத்தார் மூச்சுவிட்டனர், எண்ணூரார் மேல் கரித்துகள் படிந்தது. அத்துகளும் கடலுப்பும் பலகையில் படிந்தால் விளைச்சல் குன்றும். விடியலில், பலகை சூடேறுமுன், உவர்ப்பில்லாத நீரால் கழுவுதல் வேண்டும். தாங்கும் சட்டங்கள் துத்தநாகம் பூசியனவாதல் வேண்டும். 2023 திசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளம் எண்ணெயைச் சுமந்து எண்ணூர்க் கழியில் பரப்பியதைக் கண்டவர், மின்கலத்தைத் தாழ்ந்த தரையில் வையார். உயர்ந்த மேடையும், காற்றோட்டமும், வெளியேறும் வழிக்கு அப்பால் அமைந்த தனியறையும் அதற்குரியன.

இவற்றிற்குத் தடையாவன இரண்டு. கூரை உடையவன் ஒருவன். மின்கட்டணம் செலுத்தும் குடிக்கூலியாளன் மற்றொருவன். முதல் போடுபவனுக்குப் பயனில்லை. பயன் பெறுபவனுக்குக் கூரையில்லை. விளைவைப் பங்கிடும் உடன்படிக்கையைக் குடிக்கூலிச் சீட்டிலேயே எழுதினால் இம்முடிச்சு அவிழும். மற்றொரு தடை மொழி. கருவியின் எச்சரிக்கையும் இயக்கநூலும் ஆங்கிலத்தில் இருக்க, அதனைக் காக்கும் காவலரும் கழுவும் தொழிலாளியும் தமிழரே ஆயின், தீ நேரும்போது எந்தப் பொத்தானை அழுத்துவர்? தமிழில் எழுதிய ஒரு பலகை ஓர் உயிரைக் காக்கும். இது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு.

தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. கரியால் ஓடிய காலத்திற்கு வாயிலான அந்நிலமே, கரியினின்று விடுபடும் காலத்திற்கும் வாயிலாகட்டும். கூரையுடையோர் கணக்கிடுக, தொழிலாளர் பயிலுக, அரசு நெறியை எளிதாக்குக. சாம்பலை மட்டும் பங்காகப் பெற்ற மக்கள், ஒளியிலும் தம் பங்கைக் கேட்டுப் பெறுவாராக!