கோயில் செருப்பும் வியாதிக்காரன் செருப்பும்

எங்க ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு மக்கா. திருச்செந்தூர் கோயிலுக்குப் போறோம்னா வீட்டுல இருக்குறதுலயே தேஞ்சுபோன, வார் இளகுன செருப்பாப் பாத்து மாட்டிக்கிட்டுக் கெளம்புறது. கேட்டா, "நல்லதப் போட்டுட்டுப் போனா தொலைஞ்சுரும்லா!" வண்டிய எங்கயோ நிறுத்திட்டு, பேவர் பிளாக்குலயும் சிமெண்டுலயும் அவ்ளோ தூரம் நடக்கணும். ஆக, வருஷத்துலயே அதிகமா நடக்குற நாளுக்கு இருக்குறதுலயே மட்டமான செருப்பு. என்ன ஒரு லாஜிக்கு! :-)

சரி, மத்த நாளைக்காவது ஒழுங்கா வாங்குறோமா? அதுவும் இல்ல. கலரு, விலை, சேலைக்குப் பொருந்துதா, பேண்டுக்குப் பொருந்துதா, மழையில நனையலாமா... காலைத் தவிர எல்லாத்தையும் யோசிக்கிறோம்.

உடனே ஒருத்தர் வருவாரு, "எங்க தாத்தா வெறுங்காலோடயே நடந்தாரு, எம்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு"ன்னு. அண்ணாச்சி, உங்க தாத்தா நடந்தது தேரி மணல்லயும் வயக்காட்டு வரப்புலயும். மணல்ல கால் வெச்சா மணலு உள்ள வாங்கிக்கிடும், பாதம் முழுக்கப் பதியும், எடை பரவிரும். சிமெண்டு உள்ள வாங்காது. அது திருப்பிக் குடுக்குற அடி குதிங்கால்லயும் விரல் மேட்டுலயும் வந்து விழும். முக்கால் மீட்டருக்கு ஒரு எட்டுன்னு வெச்சாக்கூட கிலோமீட்டருக்கு 1,300 எட்டுக்கு மேல. தெனம் 5 கிலோமீட்டர் நடந்தா ஒவ்வொரு காலும் மூவாயிரம் தடவைக்கு மேல தரையில அடிக்குது. வயசு ஏற ஏற குதிங்கால்ல இருக்குற கொழுப்பு மெத்தையும் மெலியும். நேர்த்திக்கடனுக்குப் பாதயாத்திரையா வெறுங்கால்ல வர்றவங்கள நான் ஒண்ணும் சொல்லல. அது வேற கணக்கு. நான் பேசுறது தெனப்படி நடைய.

அடுத்த கோஷ்டி, "மெத்துமெத்துன்னு இருந்தா போதும்" கோஷ்டி. கடையில பெருவிரலால அமுக்கிப் பாத்து, "ஆகா, பஞ்சு மாதிரி இருக்கே"ன்னு வாங்கிருவாங்க. பெருவிரல் அமுக்குறது எவ்ளோ, அறுபது எழுபது கிலோ ஆளு ஏறி நிக்கிறது எவ்ளோ? மலிவான ஃபோம்ல உள்ளுக்குள்ள இருக்குற காத்தறைங்க கொஞ்ச நாள்லயே நசுங்கி, திரும்ப எழும்பாது. அப்புறம் நீங்க நடக்குறது ஃபோம் மேல இல்ல, சிமெண்டு மேலதான். மெத்துன்னு இருக்குறது முக்கியமில்ல. அமுங்குனது திரும்ப எழும்பணும், அதுதான் முக்கியம்.

இந்த விஷயத்தைத் தலைகீழாக் கரைச்சுக் குடிச்ச ஊரு வேற எங்கயும் இல்ல, நம்ம வேலூருதான்! கொல்லிமலையில 1914-ல பொறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தாரு. தொழுநோயாளிங்களுக்கு விரலும் பாதமும் தானா அழுகி விழுதுன்னு ஊரே நம்பிக்கிட்டு இருந்த காலம். அவர் கூர்ந்து பாத்துச் சொன்னது வேற: நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துருது, வலி தெரியாததால ஒரே எடத்துல திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து புண்ணாகி, அதுமேலயே நடந்து நடந்து பாதம் போகுது. அப்படின்னா மருந்தோட சேர்த்து செருப்பும் வைத்தியம்தானே? வேலூர்லயும் பக்கத்துல கரிகிரியிலயும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வெச்சுச் செருப்பு செஞ்சாங்க. அதுதான் எம்.சி.ஆர். செருப்பு. பின்னாடி 1960-கள்ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயால கால்ல உணர்ச்சி போனவங்களுக்கும் இதே பாடம்தான்னு காட்டுனாரு.

இவ்ளோ பெரிய விஷயம் நம்ம ஊர்ல பொறந்துருக்கு. நாம அதுக்கு வெச்ச பேரு? "சுகர் செருப்பு", "வியாதிக்காரன் செருப்பு". சர்க்கரை இருக்குறவங்களே போடக் கூச்சப்படுறாங்க. "ஊர்ல நாலு பேரு என்ன நினைப்பாங்க"ன்னு வீட்டுல கட்டிலுக்கடியில கிடக்கு. நாலு பேரு நினைப்புக்காகக் கால்ல பந்தயம் வைக்கிறது என்ன கௌரவமோ! உணர்ச்சி மரத்த கால்ல ஆணி குத்துனாக்கூடத் தெரியாது மக்கா. புண்ணு முத்துனப்புறம் விரலை எடுக்கணும்பாங்க. அப்ப இந்த நாலு பேரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் பாக்க வருவாங்க, அவ்ளோதான்.

சர்க்கரை இல்லாதவங்களுக்கும் சிமெண்டு அதே சிமெண்டுதான். நாள் முழுக்க நின்னே வேலை பாக்குற ஜவுளிக்கடை அக்கா, கோயில் வாசல்ல பூக்கூடையோட அலையுற ஆச்சி, இவங்களுக்கெல்லாம் இது வியாதிச் செருப்பு இல்ல. வேலைக்கான கருவி.

சரி, எப்படி வாங்குறது? என் சிற்றறிவுக்கு எட்டுன வரைக்கும்:

1. மேல மெத்து, கீழ உறுதி. கால் படுற அடுக்கு எம்.சி.ஆர்.னா ஷோர் கணக்குல 15 வாக்குல இருக்கணும். அடிப்பக்கம் முள்ளு ஏறாத கெட்டி ரப்பர். மேலயும் கீழயும் மெத்துன்னா அது தலகாணி.

2. பின்வார் வேணும். வெறும் வி-வாரு செருப்பு கழலாம இருக்க ஒவ்வொரு எட்டுக்கும் விரலால இறுக்கிப் பிடிக்கணும். சர்க்கரைக்காரங்களுக்கு விரலிடுக்கு வாரே வேண்டாம், புண்ணாக்கிரும். ஒட்டுவார் வெச்சதுன்னா கோயில் வாசல்ல கழட்டவும் சுளுவு.

3. சாயங்காலம் போய் வாங்குங்க. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நெசமான அளவு.

4. பழைய பேப்பர்ல காலை வெச்சு வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. செருப்பு மேல வெச்சா கோடு வெளிய தெரியக்கூடாது. முன்னாடி அரை அங்குலம் மிச்சம் இருக்கட்டும்.

5. மடக்கிப் பாருங்க. விரல் மடங்குற எடத்துல மடங்கணும், நடுவுல மடங்குனா வெச்சுட்டு வந்துருங்க.

6. வருஷக்கணக்கா கடையில கிடந்த பி.யு. அடிச்செருப்பு வேண்டாம். ஈரக்காத்துல அது உள்ளுக்குள்ள மக்கி, ஒருநாள் நடுரோட்டுல பொடிப்பொடியா உதிரும். நம்ம ஊர் கடக்காத்தப் பத்தி சொல்லவே வேண்டாம்.

எம்.சி.ஆரும் சாகாவரம் வாங்குனது இல்ல. குதிங்கால் எடம் நசுங்கி எழும்பலன்னா மாத்திரணும். கால்ல ஏற்கெனவே புண்ணு இருந்தா கடைக்காரர்ட்ட இல்ல, டாக்டர்ட்ட போங்க.

கடை வெச்சுருக்குற அண்ணாச்சிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் செருப்ப உள்மூலையில மருந்து டப்பா மாதிரி ஒளிச்சு வெக்காதீங்க. நாலு கலர்ல, நல்ல வார்ல, முன் கண்ணாடியில வைங்க. வெக்கமெல்லாம் கண்ணுலதான் இருக்கு, கால்ல இல்ல.

டிஸ்கி: அப்பவும் கோயில்ல செருப்பு தொலைஞ்சுரும்னு பயமா? காப்பகத்துல குடுத்து டோக்கன் வாங்கிட்டுப் போங்க. செருப்பு போனா வேற வாங்கலாம் சாமி, காலுக்கு எந்தக் காப்பகத்துலயும் டோக்கன் கிடையாது.