நெருப்பெறும்பு நாட்டெறும்பா?

மழை ஓய்ந்த மாலையில் சூரமங்கலத்துத் தெருவிளக்குகளின் அடியில் சிறகு முளைத்த எறும்புகள் வந்து வீழ்வதைக் காணலாம். ஈசலை அன்று, எறும்பையே குறிப்பிடுகிறேன். அவற்றுள் அரசியைத் தேர்ந்து கண்ணாடிக் குழாயில் இட்டு வளர்க்கும் பொழுதுபோக்கு நம் மாணவரிடையே அரும்பியுள்ளது. "படிக்கிற பிள்ளைக்கு எறும்பு எதற்கு?" எனப் பெரியோர் கடிந்துகொள்கின்றனர். நான் மாணவர் பக்கமே நிற்கிறேன். ஆயினும் ஒரு திருத்தம் உண்டு.

திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையே தாங்கியுள்ளது. படையுடன் வந்த சுலைமான் நபி (அலை) ஓர் எறும்பின் சொல்லைக் கேட்டுப் புன்னகைத்தார் என்பதை நாம் அறிவோம். தொல்காப்பியர் மரபியலில் எறும்பை மூவறிவுயிராக வகுத்து, கண்ணறிவை அதற்குக் கூறாது விட்டார். நெருப்பெறும்புத் தொழிலாளியின் கண்ணோ மிகச் சிறிது. அது பெரும்பாலும் மணத்தடம் பற்றியே நடக்கிறது. ஆகவே எறும்பை உற்றுநோக்குவது வீண்செயல் என்பதை நான் ஏற்கவில்லை.

திருத்தம் யாதெனில், மாணவர் சிலர் நெருப்பெறும்பை 'நாட்டுச் செவ்வெறும்பு' எனச் சீட்டெழுதி வளர்க்கின்றனர். தமிழ்நாட்டுச் சமவெளியில் பரவியுள்ள நெருப்பெறும்பு (சொலினாப்சிஸ் ஜெமினேட்டா) அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்டது. அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் அது உலகஞ்சுற்றப் புறப்பட்டதென 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. நம் தோட்டத்து மிளகாயும் கடல் கடந்து வந்ததுதானே எனலாம். மிளகாய் தானாக அடுத்த வயலுக்கு நடந்து செல்வதில்லை.

இனங்காண உருப்பெருக்கி ஒன்று போதும். இடுப்பில் இரு கணுக்கள். உணர்கொம்பில் பத்துக் கணுக்கள், நுனி இரண்டும் பருத்தவை. சில தொழிலாளிகளுக்குத் தலை மட்டும் பெருத்து, உச்சியில் நடுப்பள்ளம் தெரியும். வாயால் கவ்விக்கொண்டு வால்முனைக் கொடுக்கால் கொட்டும். அந்நஞ்சு ஒவ்வாதார்க்கு உயிர்க்கே இடர் நேரலாம். விடுதி அறையில் வைக்கத்தக்கதன்று. மாமரத்து முசிறும் சிவப்பே. எனினும் அதற்குக் கொடுக்கு இல்லை. நிறத்தை மட்டும் நோக்கிப் பெயரிடுவோர் இரண்டையும் ஒன்றென மயங்குவர்.

பெயரறியாது ஓரிடத்து எறும்பை வேறோரிடத்தில் விடுவதே நான் அஞ்சுவது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவார மக்கள், பெருகிவிட்ட மஞ்சள் நிற எறும்புகளால் கால்நடைகள் துன்புறுவதாக முறையிட்டனர். அது வேறு இனம். ஆயினும் எறும்பு பெருகினால் எளியோர் படும் பாட்டை அங்குக் கண்டோம். ஆதலின் நெருப்பெறும்பைப் பிடித்தவர் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுக.

வளர்ப்பதற்குக் கட்டெறும்பு இருக்கிறது. நம் மண்ணுக்குரியது, கடிக்குமேயன்றிக் கொட்டாது. சிறகுதிர்த்த அரசியைக் குழாயில் இடுக. அடியில் சிறிது நீர், அதன்மேல் பஞ்சடைப்பு, சுற்றிலும் இருட்டு. முதல் தொழிலாளிகள் தோன்றும்வரை உணவு வேண்டுவதில்லை. தன் சிறகுத் தசையைக் கரைத்தே அவள் குஞ்சுகளை ஊட்டுகிறாள். அவ்வாரங்களில் குழாயை எடுத்து எடுத்துப் பாராதிருப்பதுதான் மாணவர்க்குக் கடினம்.