தலைப்பிலேயே நுழைந்துவிடும் சார்பு

காஞ்சிப் பட்டைப் பற்றி நம் இதழுக்கு வரும் ஆய்வு முன்வரைவுகளில் பல, முடிவைத் தலைப்பிலேயே எழுதிக்கொண்டு வருகின்றன. ‘அழிந்துவரும் கைத்தறி’ என்பார் ஒருவர், ‘விசைத்தறி விழுங்கிய நெசவு’ என்பார் இன்னொருவர். எழுதுபவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு அந்தத் தொழிலின்மேல் பற்றோ கோபமோ இருக்கத்தான் செய்யும். அதை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. எந்த வீட்டுத் தறியில் யாருடைய முன்பணம் தீராமல் நிற்கிறது என்று கேட்க, காஞ்சியில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்காரருக்குத்தான் தோன்றும். அதே பற்று நம்மை எதைப் பார்க்கவிடாமல் செய்கிறது என்பதுதான் என் கவலை.

கோர்வையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகப் பிணையும் அந்த நெசவுக்கு மூன்று நாடா வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்தவர் தனியாக மூன்றையும் ஓட்டுவது கடினம். ஒரு பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் தேவை. நெடுங்காலம் அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். இந்த நெசவின் தனித்தன்மையைச் சொல்லித்தான் காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீட்டுப் பெருமையைப் பேசுகிறோம். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையிலும் காஞ்சிபுரம் இருக்கிறது. ஒருவர் சேலையைப் பார்த்தார், மற்றவர் தறியோரத்துப் பிள்ளையைப் பார்த்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. களத்தில் கால் வைக்கும் முன்பே, எடுத்துக்கொண்ட தலைப்பு அவர்கள் பார்வையைத் திருப்பிவிட்டது.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சங்கடமான கேள்வி ஒன்று எழுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அந்த இடத்தில் உட்காருவது யார்? அவருக்குக் கூலி கொடுப்பது கூட்டுறவுச் சங்கமா, முதலாளியா, நெசவாளரே தன் கூலியிலிருந்தா? கோர்வை நெய்வது குறைந்துவிட்டது என்கிறோமே, அதில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதற்கும் ஒரு பங்கு உண்டென்றால், நாம் அழிவு என்று அழுததில் ஒரு பகுதி நல்லது நடந்ததன் விளைவாக இருக்கலாம். நெசவை நேசிப்பவருக்கு இந்த விடை கசக்கும். கசக்கும் விடைக்கும் வாசல் திறந்திருக்கும் கேள்வியே ஆய்வுக்கு உரியது.

வரலாற்றாய்வாளர்களும் இந்தச் சார்புக்கு விலக்கல்லர். காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரையும் விலக்கிய விதி இன்றும் வியக்கவைப்பது. மேடைகளில் அதைத் தமிழரின் மக்களாட்சி என்கிறோம். ஆனால் ஓலையில் பெயர் எழுத, வரி கட்டும், கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல் சொல்கிறது. அது ஒரு பிரம்மதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின், சபை. பெருமை தேடிப் போனவர்கள் பாதியைப் படித்தார்கள். சாடப் போனவர்கள் மறுபாதியைப் படித்தார்கள்.

நெசவாளர் வரலாற்றிலும் இப்படித்தான். நெசவாளர் என்றுமே ஏழைகள் என்ற எண்ணத்தை, 1985இல் வெளிவந்த விஜயா ராமசாமியின் இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல் அசைத்தது. கோயிலுக்குக் கொடையளித்த, சமூகச் சிறப்புரிமைகளுக்காக வாதாடிய கைக்கோளர் என்ற நெசவாளர் சமூகத்தவரைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். என்றாலும் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டது கொடுக்க வசதி இருந்தவர்களுக்குத்தான். சான்றுக்கும் ஒரு சார்பு உண்டு.

களத்தில் இன்னொரு கண்ணி உண்டு. சங்கத் தலைவர் அறிமுகம் செய்துவைத்த நெசவாளர் சங்கத்தைக் குறை சொல்லத் தயங்குவார். முதலாளியின் ஆள் கூட வந்தால் முன்பணத்தைப் பற்றிப் பேச்சே எழாது. சொந்தத் தெருக்காரரிடமோ, ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாதியை நாமே நிரப்பிக்கொள்ளும்போது நம் எண்ணம் அவர் வாய்ச்சொல்லாகிவிடுகிறது.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு முன்வரைவோடும் ஒரு பக்கம் கேட்கிறோம். இந்தத் தொழிலோடு உங்களுக்கு என்ன உறவு, களத்துக்கு யார் வழியாகப் போனீர்கள், எந்த விடையை எதிர்பார்த்தீர்கள், எந்தச் சான்று கிடைத்தால் அதைக் கைவிடுவீர்கள் என்று அதில் எழுதுங்கள். களப்பணிக்கு முன்பே எழுதித் தேதியிடுங்கள். கட்டுரையோடு அதையும் அச்சிடுவோம்.