பாட்டி ஏறிப் பார்க்கட்டும்!

திருவண்ணாமலையில் பவுர்ணமி தோறும் காணக்கூடிய காட்சி இது.

கார் ஒன்று வந்து நிற்கிறது. புத்தம் புதிய கார். கண்ணாடிபோல் மின்னுகிறது. ஓட்டி வந்த மகன் கதவைத் திறந்து சட்டென்று இறங்குகிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தந்தையும் இறங்கிவிடுகிறார்.

பின் கதவு திறக்கிறது. பாட்டி ஒரு காலை வெளியே வைக்கிறாள். மற்றக் கால் வரவில்லை. நிமிர்ந்தால் கூரை தலையில் இடிக்கிறது. மருமகள் கை கொடுக்கிறாள். பேரன் முதுகைத் தாங்குகிறான். "முருகா!" என்றபடி ஒரு வழியாகப் பாட்டி வெளியே வந்து சேருகிறாள்.

அடுத்து 14 கிலோ மீட்டர் கிரிவலம். பாட்டி அதற்கு அஞ்சவில்லை. வெறுங்காலோடு மெதுவாக நடந்துவிடுவாள். நடந்து முடித்தபின் மறுபடியும் அந்தக் காருக்குள் ஏற வேண்டுமே, அதற்குத்தான் அஞ்சுகிறாள்!

கார் கெட்ட காரா? இல்லை. நல்ல கார்தான். ஆனால் பாட்டியைக் கேட்டு வாங்கிய கார் அல்ல. அதுதான் குறை.

உயர்ரகச் சிறிய கார்

இந்தக் காருக்கு "பிரீமியம் ஹேட்ச்பேக்" என்று பெயர். பின்பக்கக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேல் நோக்கித் திறக்கும். அம்பாசடர் காரைப்போல் பின்னால் நீண்ட டிக்கி கிடையாது. அளவில் சிறியது. ஆனால் உள்ளே வசதிகள் அதிகம். அதனால்தான் "பிரீமியம்", அதாவது உயர்ரகம் என்ற அடைமொழி.

ஹூண்டாய் ஐ20, மாருதி பலேனோ, டாட்டா அல்ட்ராஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஐ20 தமிழ்நாட்டுக் கார். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராவது. முதல் ஐ20 இந்தியாவில் 2008-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. மூன்றாவது தலைமுறை 2020-ம் ஆண்டு நவம்பரில் வந்தது.

நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்னச் செலவு அல்ல. பல லட்சம் ரூபாய். பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார்கள். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று மாதத் தவணை கட்டுகிறார்கள். வீட்டிலுள்ள அனைவரும் சிக்கனமாக இருந்தால்தான் அந்தத் தவணை கட்ட முடியும். அப்படி வாங்கிய காரில் ஒருவருக்கு மட்டும் வசதி, மற்றவருக்கு அவதி என்றால் அது நியாயமா?

நெல்மணி அளவு மிச்சம்!

இந்தக் கார்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4 மீட்டருக்கு, அதாவது சுமார் 13 அடிக்கு, மேற்படாத காருக்கு வரி குறைவு. 2006-ம் ஆண்டு மத்திய அரசின் பட்ஜெட்டில் இந்தச் சலுகை வந்தது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி மாற்றப்பட்டது. அப்போதும் இந்த எல்லைக்குள் அடங்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், எல்லை தாண்டிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம் என்று வைத்தார்கள்.

அதனால் கம்பெனிகள் 4 மீட்டரைத் தாண்டுவதில்லை. 2020-ல் வந்த ஐ20-ன் நீளம் 3,995 மில்லி மீட்டர். மிச்சம் 5 மில்லி மீட்டர்தான். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை!

இந்த 13 அடிக்குள் என்ஜின், ஐந்து பேர், பெட்டி படுக்கை எல்லாம் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஓர் அங்குலம் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும். யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பாராட்ட வேண்டியவை

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் கூடக் கூட, உள்ளே கால் நீட்ட இடம் கூடும். முதல் ஐ20-ல் இந்தத் தூரம் 2,525 மில்லி மீட்டர். 2020-ல் வந்ததில் 2,580. காரின் நீளம் கொஞ்சம்தான் வளர்ந்தது. ஆனால் சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளி வைத்து, உள்ளே இடம் பண்ணியிருக்கிறார்கள். முழங்கால் முன் சீட்டில் இடிக்கும் தொல்லை குறைந்தது. இது கெட்டிக்காரத்தனம்.

பின் சீட்டுக்கும் குளிர்காற்று வரத் தனி வழி வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2023-ம் ஆண்டு செய்த மாற்றத்தில் ஆறு காற்றுப்பைகளும், ஐந்து பேருக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் எல்லா ஐ20 கார்களுக்கும் வந்தன. பழைய அம்பாசடரின் பின் சீட்டு சோபா போல் இருந்தது உண்மை. ஆனால் விபத்து நேர்ந்தால் காப்பாற்றக் காற்றுப்பை அதில் இல்லை. பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை.

அழகு பறித்தது என்ன?

இனி குறைகள்.

இந்தக் கார்களை வெளியிலிருந்து பார்த்தால் பாயத் தயாரான சிறுத்தை போல் இருக்கும். கூரை பின்னால் போகப் போகச் சரியும். ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப் போக உயரும். பின் தூண் தடித்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் இந்த அழகுக்கு விலை கொடுப்பது பின் சீட்டில் இருப்பவர்.

கூரை சரிந்தால் ஏறும்போது தலை குனிய வேண்டும். உயரமானவருக்கு உட்கார்ந்த பிறகும் தலை தட்டும். அதைத் தவிர்க்கச் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள்.

சீட்டு தாழ்ந்தால் என்ன ஆகும்? வீட்டு நாற்காலி சுமார் ஒன்றரை அடி உயரம் இருக்கும். அதில் உட்காருவதும் எழுவதும் எளிது. உட்காரும் இடம் முழங்காலுக்குக் கீழே போய்விட்டால் உட்காரும்போது விழ வேண்டும். எழும்போது ஏற வேண்டும். இளைஞனுக்கு இது தெரியாது. மூட்டு வலி உள்ளவருக்குத் தெரியும். புடவை கட்டியவருக்கும் தெரியும்.

ஜன்னல் சிறுத்தால் குழந்தைக்கு வெளியே தெரியாது. வெளியே தெரியாவிட்டால் சில குழந்தைகளுக்கு வாந்தி வரும். கண் காணும் காரின் உட்புறம் அசையவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ கார் அசைவதை உணர்கிறது. இரண்டும் ஒத்துப் போகாததால்தான் குமட்டல்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 190 கிலோ மீட்டர். வழியில் செஞ்சிக் கோட்டை மலைகளைப் பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசை. அண்ணாமலை எப்போது கண்ணில் படும் என்று பாட்டிக்கு ஆவல். முன்னால் இருப்பவர்கள் "அதோ மலை!" என்று கை குவிக்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகுதான்!

உட்புறம் முழுதும் கறுப்பாக இருப்பதும் ஒரு குறை. 2020-ல் வந்த ஐ20 அப்படித்தான் இருந்தது. 2023-ல் சாம்பல் நிறத்தையும் சேர்த்தார்கள். உள்ளே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மனம் வைத்தால் மாற்றலாம் என்பதற்கு இது சாட்சி.

குலுங்கும் பின் சீட்டு

பின் சீட்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே வேகத்தடை மீது ஏறி இறங்கும்போது முன்னால் இருப்பவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

பெரிய சக்கரம், மெல்லிய டயர் என்பது இப்போதைய நாகரிகம். டயரின் பக்கச் சுவர் குறைந்தால் பள்ளத்தின் அடியைத் தாங்கும் ரப்பரும் காற்றும் குறைகின்றன. அலாய் சக்கரத்தின் அழகை ரோட்டில் போகிறவர் பார்க்கிறார். அதன் அடியைப் பாட்டியின் இடுப்பு வாங்குகிறது.

பின் சீட்டில் மூவர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பாடு திண்டாட்டம். அங்கே சீட்டு மேடாக இருக்கும். கால் வைக்கும் இடத்திலும் மேடு தட்டும். அந்த இடம் பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? வீட்டில் எதையும் வாய் திறந்து கேட்காதவருக்கு!

பெட்டி வைக்கும் இடம் ஐ20-ல் 311 லிட்டர். பலேனோவில் 318. அல்ட்ராஸில் 345. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் எல்லாமே இருபது குடத்துக்கு மேல். இடம் போதும். ஆனால் விளிம்பு உயரமாக இருந்தால் பெட்டியை இடுப்பு உயரம் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். இதையும் கவனிக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு ஜனவரியில் வந்த அல்ட்ராஸில் ஒரு நல்ல யோசனை உண்டு. அதன் கதவுகள் 90 டிகிரி, அதாவது நேர் செங்கோணமாகத் திறக்கும். கதவு அகலத் திறந்தால் வயதானவர் திரும்பி உட்கார இடம் கிடைக்கும். வரி அதே வரி, நீளமும் அதே 4 மீட்டருக்குள்தான். ஆகவே "13 அடிக்குள் வேறென்ன செய்ய முடியும்?" என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது.

ஐந்து பேர், ஐந்து தேர்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் மாட வீதியில் வரும். அம்மன் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பார்கள்.

அது சாமி குடும்பம். ஐவருக்கும் ஆளுக்கொரு தேர் உண்டு. ஒவ்வொருவரும் உயரத்தில் இருந்து நாலு பக்கமும் பார்த்தபடி பவனி வரலாம். மனிதக் குடும்பத்துக்கு ஐவருக்கும் சேர்த்து ஒரே தேர்தான் கட்டுபடியாகும். அப்படியானால் அந்த ஒரு தேரில் ஐந்து இடமும் நல்ல இடமாக இருக்க வேண்டாமா?

ஷோரூமில் நடப்பது என்ன?

கார் வாங்கப் போகும்போது தந்தையும் மகனும் போகிறார்கள். மகன் ஓட்டும் இடத்தில் உட்காருகிறான். தொடுதிரையைத் தொட்டுப் பார்க்கிறான். பாட்டைப் போட்டுப் பார்க்கிறான். கூரைக் கண்ணாடி திறப்பதைக் கண்டு மகிழ்கிறான். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறான்.

கல்யாணப் புடவை எடுக்க வீடே திரண்டு போகிறது. பல வருடம் தவணை கட்டப் போகும் காரை எடுக்க இரண்டு பேர் போனால் போதுமா?

வீட்டில் வயதில் மூத்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். அவர் பின் சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கட்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. முன் சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டு, அதன் பின்னால் மகனே உட்கார்ந்து பார்க்கட்டும். பின்னால் மூவர் பெல்ட் போட்டபடி கால் மணி நேரம் போய் வரட்டும். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். வேகத்தடையும் குண்டும் குழியும் உள்ள ரோட்டில் போகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வெளியே தெரிகிறதா என்று கேட்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? டயரில் அளவுக்கு மேல் காற்று அடைத்தால் கார் அதிகம் குலுங்கும். சரியான அளவு ஓட்டுபவரின் கதவோரம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்து அடைத்தால் செலவில்லாமல் அதிர்ச்சி குறையும். வழியில், திண்டிவனத்தில் ஒரு முறை நிறுத்தி இடம் மாற்றிக்கொண்டால், பாட்டியும் முன்னால் உட்கார்ந்து மலையைப் பார்ப்பாள்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. என்ஜினின் சக்தியையும் மைலேஜையும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பின் சீட்டு தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம், கதவு எவ்வளவு அகலம் திறக்கும் என்பதையும் அதே எழுத்தில் போட வேண்டும். போட்டால் வாங்குபவர் ஒப்பிடுவார். ஒப்பிட்டால் போட்டி வரும். போட்டி வந்தால் சீட்டு தானே உயரும்.

காரின் வேகத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சுகத்தை அளக்க? கிரிவலம் முடித்து வந்த முழங்கால் ஒன்று போதும். அந்த முழங்கால் வலிக்காமல் ஏறி உட்கார்ந்தால், அதுதான் உயர்ரகக் கார்!