ஒலித்துணுக்குகளும் தனியுடைமையும்

பிறர் பதிவிலிருந்து ஒலித்துணுக்கு எடுப்பதைத் திருட்டென்கிறது இசை முதலாளித்துவம். தெற்கு லண்டனின் இருவர் ராக் குழுவான கார்ட்டர் யுஎஸ்எம், 1990 ஜனவரியில் வெளியிட்ட '101 டேம்னேஷன்ஸ்' என்ற முதல் இசைத்தொகுப்பை அத்தகைய துணுக்குகளாலேயே நிரப்பியது. இரண்டு கிட்டார்கள், ஒரு தாள இயந்திரம். வேறு வாத்தியக்காரர் இல்லை. தாட்சர் ஆட்சியில், பாழடைந்த வீடுகளை ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டுக் கொழுத்தவனை அதிலுள்ள 'ஷெரிஃப் ஃபேட்மேன்' பாடல் தோலுரித்தது. அக்குழுவின் கோபத்திற்கு அரசியல் அமைப்பின் பின்புலம் இல்லைதான். ஆயினும் அது உண்மையான கோபம்.

1991இல், சிறார் மீதான கொடுமையைப் பேசிய அவர்களது இன்னொரு பாடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டொன்றின் சில சொற்கள் இடம்பெற்றன. உடனே சட்ட நடவடிக்கை பாய்ந்தது. அந்த ரோலிங் ஸ்டோன்ஸ் தன் பெயரையே மட்டி வாட்டர்ஸின் பாடலிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. வாட்டர்ஸ், மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பினத் தொழிலாளி.